வாணத்துக்கு விட்ட இடம்

2012 ஜூலை 4. இரவு 9 மணிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ விரிகுடாவைச் சுற்றி லட்சக்கணக்கானோர் அண்ணாந்து காத்திருந்தார்கள். அமெரிக்காவின் சுதந்திர தின வாணவேடிக்கை அது. விரிகுடாவில் ஆங்காங்கே நிறுத்தியிருந்த பெரிய மிதவைகளில் வரிசை வரிசையாகக் குழாய்கள் நின்றன. ஏறக்குறைய 7,000 வாணங்கள். பதினெட்டு நிமிடம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் பூக்க வேண்டியவை. அவை எல்லாம் ஒரே மூச்சில் வெடித்தன. ஒவ்வொரு மிதவையின் மேலும் ஒரு வெள்ளைத் தீக்கோளம் எழுந்து நின்றது. பதினைந்து விநாடிபோலக் கடந்ததும் மொத்தமும் அடங்கிவிட்டது. வாணங்களுக்கு வரிசையாக உத்தரவு அனுப்ப வேண்டிய கணினியில் முதன்மை நிரலும் மாற்று நிரலும் ஒன்றோடொன்று கலந்துபோனதே காரணம் என்று பிறகு தெரியவந்தது.

அந்த இரவை மக்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது அந்த வெடிப்புக்காக. என் மனத்தில் நிற்பது வேறொன்று: ஒருவருக்குக்கூடக் காயமில்லை. 7,000 வாணங்கள் கட்டுப்பாடின்றி வெடித்த இடத்தில் ஒரு படகுகூட எரியவில்லை. ஒவ்வொரு மிதவையைச் சுற்றியும் ஆளில்லாத, படகில்லாத நீர் ஒரு வட்டமாக விடப்பட்டிருந்தது. வேடிக்கை பார்க்க வருகிற யாரும் அந்த இருட்டு வட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த இரவில் மிகக் கவனமாகக் கணக்குப் போட்டு அமைத்த பொருள் எது என்று கேட்டால், அந்த வெற்றிடத்தைத்தான் காட்டுவேன்.

அந்தக் கணக்கு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க, ஒரு வாணத்தின் உள்ளே போக வேண்டும். வானில் பூவாக விரியும் பெரிய வாணத்தைத் தொழிலில் ஷெல் என்பார்கள். கெட்டிக் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த பந்து. உள்ளே நிறம் தரும் மருந்து உருண்டைகள். அவற்றுக்கு நடுவே, பந்தைப் பிளக்கும் வெடிமருந்து. பந்தின் அடியில் தனியாக ஒரு பொட்டலம் கருமருந்து. இந்தப் பந்தைக் குழாய்க்குள் இறக்கி அடிப்பொட்டலத்தைப் பற்றவைத்தால், அதில் எழும் வாயு பந்தை விநாடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகத்தில் மேலே தள்ளுகிறது. அதே நெருப்பு பந்தின் நேரத்திரியையும் பற்றவைத்துவிடும். திரி எரிந்து உள்ளே போய்ச் சேர நாலைந்து விநாடி ஆகும். அதற்குள் பந்து உச்சிக்கு வந்து, ஏறவும் முடியாமல் இறங்கவும் தொடங்காமல் ஒரு கணம் நிற்கும். வெடிக்க வேண்டியது அந்தக் கணத்தில். அப்போதுதான் பூ கோணாமல் வட்டமாக விரியும்.

ஷெல்லின் விட்டம் 3 அங்குலத்தில் தொடங்கி 12 அங்குலம், அதற்கு மேலும் போகும். ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 அடி உயரம் என்று தொழிலில் இருப்பவர்கள் மனக்கணக்காகச் சொல்வார்கள். அதன்படி 6 அங்குல ஷெல் 600 அடி, அதாவது 180 மீட்டருக்கு மேல் போய்த் திறக்கும். இதெல்லாம் சரியாக நடந்தால். திரி நடுவழியில் அணைந்துவிட்டால்?

வெடிக்காத ஷெல் அப்படியே திரும்பி வரும். 6 அங்குல ஷெல் என்பது உரிக்காத சிறு தேங்காய் அளவு. எடை ஒரு கிலோவுக்கு மேல். தென்னை மரத்திலிருந்து 20 மீட்டர் விழும் தேங்காயே மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஷெல் விழுவதோ அதைப் போல ஒன்பது மடங்கு உயரத்திலிருந்து. காற்று எவ்வளவு தடுத்தாலும் நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அதற்குள் இருக்கும் மருந்து முழுவதும் இன்னும் எரியாத மருந்து.

அது ஏறிய இடத்திலேயே இறங்குவதும் இல்லை. காற்று தள்ளும். குழாய்ச் சுவரில் உரசிக்கொண்டு கிளம்புவதால் பந்து சுழலும். சுழலும் பந்து, கிரிக்கெட்டில் சுழற்பந்து விலகுவதைப் போலவே, காற்றில் பக்கவாட்டில் விலகும். குழாய் நிற்பதோ மிதவையில், மிதவை ஆடும். குழாய் 5 பாகை சாய்ந்திருந்தால்கூட, வெடிக்காத 6 அங்குல ஷெல் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளிப் போய் விழக்கூடும். இன்னொன்றும் உண்டு. சில சமயம் ஷெல் குழாயை விட்டு வெளியேறும் முன்பே வெடிக்கும். அப்போது பக்கத்துக் குழாய்கள் சாய்ந்து, அடுத்துக் கிளம்புபவை வானத்தை நோக்கிப் போகாமல் நீர்மட்டத்தை ஒட்டிப் பாயலாம்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் தன் 1123ஆம் எண் நெறிமுறையில் ஓர் எளிய விதியைத் தந்திருக்கிறது. நேராக நிறுத்திய குழாய்க்கு, விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி தள்ளித்தான் பார்வையாளர்கள் இருக்க வேண்டும். 3 அங்குலத்துக்கு 210 அடி. 6 அங்குலத்துக்கு 420 அடி, அதாவது 128 மீட்டர். 12 அங்குலத்துக்கு 840 அடி, 256 மீட்டர். இந்த வாய்ப்பாடு தெரிந்துவிட்டால் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் வறண்ட அறிவிப்புகளைப் படிப்பதே சுவையாகிவிடும். ஏதோ ஓர் ஆற்றங்கரை ஊரில் மிதவையைச் சுற்றி 420 அடிக்குள் படகுகள் வரக்கூடாது என்று இருக்கும். 70ஆல் வகுத்தால் 6 வரும். அந்த ஊரார் அன்றிரவு பார்க்கப்போகும் பெரிய பூவின் அளவு அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்த வட்டத்தை வரையும் அதிகாரம், 1972ஆம் ஆண்டின் துறைமுக, நீர்வழிப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, ஒவ்வொரு துறைமுகப் பகுதிக்கும் பொறுப்பான கடலோரக் காவல்படை அதிகாரிக்கு வருகிறது. அவர் ஒரு நீர்ப்பரப்பைப் பாதுகாப்பு வளையம் என்று அறிவித்தால் அவருடைய அனுமதியின்றி எந்தப் படகும் அதற்குள் நுழையக்கூடாது. அனுமதி வேண்டுபவர் வானொலியின் 16ஆம் சேனலில் கேட்கலாம். அது கடலில் எல்லாரும் காது கொடுத்திருக்கும் பொது அலைவரிசை.

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் பல வேடிக்கைகளின்போது இந்த வளையத்துக்கு ஓர் அழகான நடத்தை உண்டு. துறையில் மிதவைமேல் வாணங்களை ஏற்றத் தொடங்கும்போதே வளையம் பிறந்துவிடுகிறது; அப்போது அதன் ஆரம் 100 அடி. இழுவைப்படகு மிதவையைக் கட்டி இழுத்துப் போகும்போது வளையமும் கூடவே நகர்கிறது. நீரில் ஒரு கோடும் இல்லை, மிதவை போகும் இடமெல்லாம் 100 அடி வட்டம் அதைச் சூழ்ந்து போகிறது. இடத்துக்குப் போய் நங்கூரமிட்டு, வேடிக்கைக்கு அரைமணி நேரம் இருக்கும்போது, வட்டம் 1,000 அடியாக விரிகிறது.

முதலில் 100 அடி எதற்கு என்று தோன்றலாம். அந்த நேரத்தில் எதுவும் ஏவப்படுவதில்லையே? மிதவையில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். குழாய்களில் மருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு படகு வேகமாகப் போனால் அது கிளப்பும் அலை மிதவையை ஆட்டும். யாராவது சிகரெட்டோடு நெருங்கி வந்து எட்டிப் பார்க்கலாம். அப்போது வட்டம் படகுகளிடமிருந்து வாணத்தைக் காக்கிறது. அரைமணி முன்பிலிருந்து அதே வட்டம் வாணத்திடமிருந்து படகுகளைக் காக்கிறது.

1,000 அடியை 70ஆல் வகுத்தால் 14க்குச் சற்று மேல் வரும். 12 அங்குல ஷெல்லுக்குத் தேவையானதைவிட இது அதிகம். இந்த மிச்சம் வீண் என்று நான் நினைக்கவில்லை. கரையில் துண்டு விரித்து உட்கார்ந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார். நங்கூரமிட்ட படகு அப்படி இருக்காது. நங்கூரம் மண்ணைக் கவ்விப் பிடிக்க வேண்டுமானால் கயிற்றை ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விட வேண்டும். 10 மீட்டர் ஆழத்துக்கு 50 முதல் 70 மீட்டர் கயிறு. ஓதம் ஏறும்போது படகு நங்கூரத்துக்கு ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும். வற்றத் தொடங்கியதும் மறுபக்கம் போய்விடும். மாலையில் வட்டத்துக்கு வெளியே கண்ணியமாக நங்கூரமிட்டவர், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது, ஒரு துளி எரிபொருள் செலவழிக்காமலேயே 100 மீட்டர் நகர்ந்து உள்ளே வந்திருக்கலாம்.

படகுக்கென்றே உள்ள ஆபத்துகளும் இருக்கின்றன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிப்பள்ளத்தில் இறங்கித் தேங்கும். துணிக்கூரையும் பாயும் தீப்பொறிக்கு எளிதில் இடம் கொடுக்கும். நெருப்பு வந்தால் கரையில் இருப்பவர் எழுந்து ஓடலாம். படகில் இருப்பவர் நங்கூரத்தைத் தூக்கி, என்ஜினை முடுக்கி, பக்கத்துப் படகுகளை விலக்கி நகர வேண்டும், இருட்டில்.

இருட்டான நீர்ப்பரப்பில் தூரத்தைக் கண்ணால் அளக்கவும் முடியாது. காது உதவும். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகிறது. 1,000 அடி வட்டத்தின் விளிம்பில் இருக்கும் படகுக்கும், 180 மீட்டர் உயரத்தில் திறக்கும் பூவுக்கும் இடையே சாய்கோட்டில் சுமார் 350 மீட்டர். வெளிச்சம் வந்து ஒரு விநாடி கழித்துச் சத்தம் வர வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நெஞ்சில் இடித்தால் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறீர்கள்.

இதுவரை சொன்னது வானத்திலிருந்து வரும் ஆபத்து. சான் டியேகோவில் வாணங்கள் வெடிப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பு, அதே 2012 ஜூலை 4 அன்று, நாட்டின் மறுகரையில் வேறொன்று நடந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் தீவில் ஆய்ஸ்டர் பே. அங்கே வேடிக்கை எந்தப் பிசகும் இல்லாமல் முடிந்தது. படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீடு திரும்பக் கிளம்பின. 34 அடி நீளமுள்ள ஒரு படகில் குடும்பமும் நண்பர்களுமாக 27 பேர் இருந்தார்கள். அலை தாக்கியதில் படகு புரண்டது. 24 பேர் பிழைத்தார்கள். உள்ளறையில் சிக்கிக்கொண்ட மூன்று குழந்தைகள் பிழைக்கவில்லை.

7,000 வாணங்கள் தவறி வெடித்த இடத்தில் கீறலில்லை. ஒரு வாணமும் தவறாத இடத்தில் மூன்று பிள்ளைகள் போனார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு இந்த விஷயத்தை என்னால் பழையபடி நினைக்க முடியவில்லை. வட்டம் வானத்திலிருந்து வருவதைத் தடுக்கும். வட்டத்துக்கு வெளியே ஆயிரம் படகுகள் ஒன்றுக்கொன்று என்ன செய்துகொள்ளும் என்பது தனிக் கணக்கு.

படகு போகும்போது நீரில் விசிறிபோல ஓர் அலைவடிவம் விரிவதைப் பார்த்திருப்போம். ஆழமான நீரில் அந்த விசிறி, போகும் திசைக்கு இருபுறமும் சுமார் 19.5 பாகையில் விரியும் என்று கெல்வின் பிரபு 1887இல் கணக்கிட்டுச் சொன்னார். குளத்து வாத்துக்கும் கப்பலுக்கும் ஒரே கோணம். ஒரு படகுக்கு ஒரு விசிறி. ஒரே குடாவிலிருந்து நூறு படகுகள் ஒன்றாகக் கிளம்பினால் நூறு விசிறிகள் ஒன்றையொன்று வெட்டும். தடுப்புச்சுவரில் மோதித் திரும்பி வருபவையும் அவற்றோடு சேரும். ஓர் அலையின் முகடு இன்னொன்றின் முகட்டின் மேல் ஏறும் கணத்தில் உயரம் இரட்டிக்கும். உயரம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்லவும் முடியாது.

இதில் ஒரு விநோதம் உண்டு. படகைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் அலை குறையும் என்றுதான் நமக்குத் தோன்றும். உல்லாசப் படகுகளில் பெரும்பாலும் அது நேர்மாறாகிவிடுகிறது. நல்ல வேகத்தில் படகு நீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு போகும். கிளப்பும் அலை அவ்வளவு பெரிதல்ல. மிக மெதுவாகப் போனால் நீரை அமைதியாக விலக்கிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவே, எழும்பவும் முடியாமல் அமரவும் முடியாமல், மூக்கைத் தூக்கிக்கொண்டு தன் அலையின் மேட்டிலேயே ஏற முயன்று உழும் ஒரு வேகம் இருக்கிறது. அலை மிகப் பெரிதாக எழுவது அப்போதுதான். இருட்டு, கூட்டம், கவனமாகப் போவோம் என்று நல்லெண்ணத்தோடு வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் ஓட்டுநர் சரியாக அந்த நடுவேகத்தில் வந்து நிற்கிறார். அலை எழாத அளவுக்கு, நடைவேகத்துக்குச் சற்று மேலான வேகத்தில் போகச் சொல்லும் விதி இதனால்தான்.

அந்த அலை பக்கவாட்டில் வந்து அடிக்கும் படகில் ஆட்கள் நிறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வானம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று பலர் மேல்தளத்தில் ஏறியிருப்பார்கள். எடை மேலே போகப் போகப் படகு சாய்ந்து நிமிரும் வலு குறையும். ஒரு பக்கம் சாய்ந்ததும் நிற்பவர்கள் அந்தப் பக்கமே சரிவார்கள். அவர்கள் சரிந்த எடை படகை மேலும் சாய்க்கும்.

கண்ணும் அந்த நேரத்தில் கைவிட்டுவிடுகிறது. இருட்டில் பார்க்க உதவும் விழித்திரை நிறமி ரோடாப்சின், பளிச்சென்ற வெளிச்சம் பட்டதும் வெளுத்துவிடும். முழுதாகத் திரும்ப ஊற 20 முதல் 30 நிமிடம் வேண்டும். வேடிக்கையின் கடைசி நிமிடங்களில்தான் மிக அதிக வெளிச்சம். அதைப் பார்த்த கண்ணோடுதான் எல்லாரும் என்ஜினை முடுக்குகிறார்கள். கடலில் இரவு ஓடும் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. எதிர்ப்படும் படகு எந்தப் பக்கம் போகிறது என்று இவற்றை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாணத்தில் ஸ்ட்ரான்சியம் தருவது சிவப்பு. பேரியம் தருவது பச்சை. அரைமணி நேரம் வானமும் நீரும் அதே இரண்டு நிறங்களில் பற்றி எரிந்துவிட்டு, அப்போதுதான் அணைந்திருக்கின்றன. கரையிலோ கடைகளின் சிவப்பும் போக்குவரத்து விளக்குகளின் பச்சையும். இவற்றுக்கு நடுவே ஒரு சிறு விளக்கை இனம் காண வேண்டும்.

அதே 2012ஆம் ஆண்டு அக்டோபர் 1 இரவு, ஹாங்காங். சீனாவின் தேசிய தினத்தில் விக்டோரியா துறைமுகத்தின் நடுப்பகுதியைக் கப்பல்களுக்கு மூடிவிட்டு வாணவேடிக்கை நடத்துவது அங்கே வழக்கம். அதைப் பார்க்க லாமா தீவிலிருந்து ஒரு நிறுவனத்தின் ஊழியர்களும் குடும்பத்தினருமாக 124 பயணிகளோடு ‘லாமா 4’ என்ற படகு கிளம்பியது. கிளம்பிய சில நிமிடங்களில், சுமார் 8.20 மணிக்கு, எதிரே வந்த ‘சீ ஸ்மூத்’ என்ற பயணிகள் படகோடு மோதியது. பின்பக்கம் நீர் புகுந்து, இரண்டு நிமிடம்போல ஆவதற்குள் செங்குத்தாக நின்றது. 39 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். விசாரணைக் குழு கண்டுபிடித்தவற்றுள் இரண்டு செய்திகள் என்னை விடுவதில்லை. பின்பகுதியில் இரண்டு அறைகளுக்கு நடுவே நீர்புகாக் கதவு இருந்திருக்க வேண்டும். படகு கட்டும்போதே அது பொருத்தப்படவில்லை. குழந்தைகள் அளவில் உயிர்காப்பு உடை படகில் இல்லை.

அன்று துறைமுகத்தில் வளையம் இருந்தது. அந்தக் குடும்பங்கள் அதன் அருகே போய்ச் சேரவே இல்லை. எனவே, வேடிக்கைக்கு நீரை ஒதுக்குவது பற்றிப் பேசும்போது வாணம் விழும் வட்டத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. வரும் வழியும் திரும்பும் வழியும், போகும் வேகமும், யார் முதலில் கிளம்புவது என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். படகில் ஏறும்போதே பிள்ளைகளுக்கு உயிர்காப்பு உடை மாட்டிவிடுவதும், அலை அடங்கும்வரை அவர்களை உள்ளறைக்குள் தூங்க அனுப்பாமல் இருப்பதும் அதே கணக்குதான்.

கடைசிப் பூ உதிர்ந்த பிறகும் வளையத்துக்கு வேலை இருக்கிறது. மிதவையில் ஆட்கள் டார்ச் விளக்கோடு குழாய் குழாயாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஏவாமல் நின்றுபோனது எது, ஏறியும் வெடிக்காதது எது? காகித ஷெல் மிதக்கும். மறுநாள் காலை கரையில் ஒதுங்கவும் செய்யும். அதனால் நீரின் மேலும் விளக்கடித்துத் தேடுவார்கள்.

வட்டத்துக்கு வெளியே, அவசரப்படாத ஒருவர் என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மருந்து வாசம் நீரின் மேல் படிந்து கிடக்கிறது. முதலில் அவருக்கு ஒன்றும் தெரியாது. மற்ற படகுகளின் அலைகள் வந்து ஆட்டும், பிறகு ஆட்டம் குறையும். கால்மணி நேரத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். அதன் பிறகு, கீழே, எதிரே, இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்து போகும் ஒரு சிறிய பச்சை விளக்கு.